விக்கிப்பீடியாவில் நாட்டாமை யார்?

ஜூன் 2, காலை

வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் ஊர் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரையில் நான்கு வரி சேர்த்தேன். மாலைக்குள் யாரோ நீக்கிவிட்டார். திரும்பச் சேர்த்தேன், திரும்பவும் நீக்கிவிட்டார். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதெல்லாம் சும்மா பேச்சா? யாரிடம் முறையிடுவது? அங்கே நாட்டாமை யார்?"

நாட்டாமை கிடையாது. நீக்கியவரிடமே போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

கட்டுரையின் மேற்பகுதியில் 'வரலாறு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. எந்த வரியை, எவர், எத்தனை மணிக்கு எடுத்தார், என்ன காரணம் எழுதினார் என்பதெல்லாம் அங்கே கிடக்கும். பக்கத்திலேயே 'உரையாடல்' என்று இன்னொன்று, பேச்சுப் பக்கம் என்பது அதுதான். அங்கே போய், "இதை ஏன் எடுத்தீர்கள்?" என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்றாவது முறை திரும்பச் சேர்க்காதீர்கள். அப்புறம் நீங்கள் கேள்வி கேட்டவர் ஆக மாட்டீர்கள், சண்டைக்காரர் ஆகிவிடுவீர்கள்.

ஜூன் 2, இரவு

"நிர்வாகிகள் என்று இருக்கிறார்களே, அவர்கள் யார்?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

நிர்வாகியிடம் சில கருவிகள் கூடுதலாக உண்டு: பக்கத்தை அழிக்கலாம், பூட்டலாம், ஒருவரைத் தடை செய்யலாம். இந்த வரி சரி, அந்த வரி தப்பு என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. கட்டுரைக்குள் அவருடைய சொல்லுக்கும் உங்கள் சொல்லுக்கும் ஒரே எடை. விதிப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நடைமுறை பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜூன் 3

நீக்குகிறவர் தரப்பில் நானும் இருந்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காவிரிக் கரையில் ஒரு சிற்றூர்க் கோயில். கட்டுரையின் முதல் வரியில் கணக்குத் தொடங்காத ஒருவர் "2000 ஆண்டுகள் பழமை வாய்ந்த" என்று சேர்த்தார். தமிழ்நாட்டில் 2000 ஆண்டுக்குக் குறைந்த கோயிலைக் காட்டுவது கடினம் என்பது வேறு விஷயம். நான் எடுத்துவிட்டேன்.

பிறகு நடந்தது முழுவதும் தொகுப்புச் சுருக்கத்தில் நடந்தது. மாற்றத்தைச் சேமிக்கும்போது காரணம் எழுதுவதற்கென்று ஒரு வரிப் பெட்டி இருக்குமே, அதில்.

நான்: "சான்று இல்லை."
அவர்: "நான் இந்த ஊர்க்காரன்."
நான்: "ஊர்க்காரர் என்பது சான்றாகாது."
அவர்: "ஐயா கோயிலுக்கு வந்ததுண்டா?"
நான்: "தேவையில்லை. நூல் சான்று வேண்டும்."
அவர்: "தலபுராணம் நூல் இல்லையா?"

நியாயமான கேள்விதான், ஆனால் அந்தச் சூட்டில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்லவேளையாக மூன்றாவதாக ஒருவர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூத்த பயனர். எங்கள் இருவருக்கும் பேச்சுப் பக்கத்தில் ஒரே பத்தி எழுதினார். பஞ்சாயத்து எதுவும் செய்யவில்லை. வாக்கியத்தை மாற்றினார், அவ்வளவுதான்: இக்கோயில் மிகத் தொன்மையானது என்று தலபுராணம் கூறுகிறது, இங்குள்ள கல்வெட்டுகளில் முந்தையது முதலாம் பராந்தகன் காலத்தது. கல்வெட்டுக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலிருந்து பக்க எண்ணும் கொடுத்தார்.

ஊர்க்காரருக்குத் தலபுராணம் உள்ளே வந்துவிட்டது. எனக்குக் கல்வெட்டு கிடைத்தது. வாக்கியம் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஜூன் 3, பின்னர்

விட்டுப்போன ஒன்று. அந்தச் சண்டையில் "ஐயா" எப்போது வந்தது என்று பாருங்கள். தமிழ் விக்கியில் யாரும் யாரையும் ஒருமையில் அழைப்பதில்லை. வசை சொற்களும் அபூர்வம். ஆகவே கோபத்தின் அளவை மரியாதையைக் கொண்டுதான் கணிக்க வேண்டும். வெறும் பெயர் என்றால் சுமுகம். 'ஐயா' என்றால் சற்றே உரசல். 'மதிப்பிற்குரிய ஐயா அவர்களே' என்று பத்தி தொடங்கினால், அன்றைக்குக் கணினியை அணைத்துவிட்டுப் போய்விடுவது உத்தமம்.

ஜூன் 4

"இதெல்லாம் கோயில் விவகாரம். உயிர் போகிற விவகாரத்தில் எப்படி?" என்கிறார் ஒரு நண்பர்.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இலங்கைக் கட்டுரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் ஈழப்போர் மூண்ட காலத்தில் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு கட்டுரை, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு போர். எந்தச் செய்தித்தளத்தை நம்புவது என்பதே முதல் சண்டை. ஒரு தரப்பு காட்டும் தளத்தை மறுதரப்பு பிரசாரம் என்று தூக்கி எறியும். அப்போது தமிழர், சிங்களவர், இரண்டிலும் சேராதவர் எனச் சில பயனர்கள் கூடி இலங்கை நல்லிணக்கத்துக்கென்றே ஒரு விக்கித்திட்டம் (ஒரு துறையின் கட்டுரைகளைச் சேர்ந்து கவனிக்கும் பயனர் குழு) தொடங்கினார்கள். மூலங்களை வகை பிரித்து வைத்தார்கள். ஒரு தரப்பின் சார்புடைய தளத்தை அடியோடு விலக்க வேண்டாம், ஆனால் இன்ன சார்புடைய இன்ன தளம் கூறுகிறது என்று சொல்லியே எடுத்தாள வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு.

கோயில் கட்டுரையில் செய்யப்பட்டதும் இதுவேதான். எது உண்மை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. யார் என்ன சொன்னார் என்பதில் ஒத்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்து விக்கியில் பாதிச் சண்டைகள் அங்கேதான் முடிகின்றன.

அந்தத் திட்டத்தால் போர்க்காலக் கட்டுரைகள் நடுநிலையாகிவிட்டன என்று நான் சொல்லவில்லை. வெளியே ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது உள்ளே மணிக்கணக்கில் உட்கார்ந்து மூலங்களை வகை பிரித்தார்கள் என்பதே எனக்கு வியப்பு.

ஜூன் 5

ஆங்கில விக்கியில் தகராறு தீர்க்கும் படிகள் என்னென்ன என்று கேட்டவருக்கு.

முதலில் பேச்சுப் பக்கம். இரண்டே பேர் முட்டிக்கொண்டு நின்றால் 'மூன்றாம் கருத்து' கேட்கலாம். சம்பந்தமில்லாத ஒருவர் வந்து பார்த்துச் சொல்வார். பிறகு 'கருத்துக் கோரல்', வழக்கமாக முப்பது நாள் திறந்திருக்கும், யாரும் வந்து எழுதலாம். இதற்கிடையே தகராறுகளுக்கென்று அறிவிப்புப் பலகைகள். அடிதடியை அடக்க மூன்று மீளமைப்பு விதி: ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் மாற்றத்தைத் திருப்பினால் தடை வரும். 2004இல் வந்தது இந்த விதி. மூன்று முறை திருப்புவது உரிமை என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. இருபத்து நான்கு மணி நேரம் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு நான்காவதைச் செய்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் தடை உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலே நடுவர் குழு, 2004 தொடக்கத்திலிருந்து. பயனர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கவனிக்க வேண்டியது, இந்தக் குழுவும் கட்டுரையில் எது சரி என்று சொல்லாது. நடத்தையை மட்டுமே விசாரிக்கும். "இந்தத் தலைப்பின் பக்கம் ஆறு மாதம் போகாதே", "இவரோடு பேசாதே" என்கிற மாதிரி தீர்ப்புகள்.

நடுவர் குழுவோடு கூடவே சமரசக் குழு ஒன்றும் தொடங்கினார்கள். இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவது அதன் வேலை. வேலை குறைந்து குறைந்து 2018இல் அதை மூடிவிட்டார்கள். நடுவர் குழு இன்னமும் நடக்கிறது. மனிதர்களுக்குச் சமரசத்தைவிடத் தீர்ப்பு பிடிக்கிறது போலும்.

ஜூன் 6

கதான்ஸ்க் கதையை எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன், எனக்கும் பிடித்த கதை.

போலந்தின் துறைமுக நகரம். ஜெர்மானியர்களுக்கு அது டான்சிக். நூற்றாண்டுகளாகக் கைமாறிய ஊர். ஆகவே ஷோபன்ஹவர் எங்கே பிறந்தார் என்று எழுதும்போதுகூடச் சண்டை. ஒருவர் டான்சிக் என்று மாற்றுவார், அடுத்தவர் கதான்ஸ்க் என்று மாற்றுவார். கட்டுரை கட்டுரையாக இதே வேலை.

2005இல் வாக்கெடுப்பு வைத்தார்கள். 'எந்தப் பெயர்?' என்று மொட்டையாகக் கேட்காமல் காலத்தைத் துண்டு போட்டுக் கேட்டார்கள். முடிவு: 1308க்கு முன் கதான்ஸ்க். 1308 முதல் 1945 வரை டான்சிக். 1945க்குப் பின் மறுபடி கதான்ஸ்க். ஒரு பெயரை முதல் முறை எழுதும்போது மற்றதையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும்.

இரு தரப்பிலும் கடைசிவரை மனம் ஆறாதவர்கள் இருந்தார்கள். ஆனாலும் இன்று யாராவது போய் மாற்றினால், வாக்கெடுப்பு நடந்த பக்கத்துக்கு ஓர் இணைப்பைக் கொடுத்தால் போதும். வாக்களித்தவர்களில் பலர் விக்கியை விட்டே போயிருப்பார்கள். முடிவு அங்கேயே இருக்கிறது.

ஜூன் 6, பின்னர்

"வாக்கெடுப்பு கூடாது, கருத்தொற்றுமைதான் வழி என்பதல்லவா கொள்கை?" ஆம். அதனால்தான் கதான்ஸ்க் ஒரு விதிவிலக்காகப் பேசப்படுகிறது. வழக்கமாகத் தலைகளை எண்ணுவதில்லை, வாதங்களை எடை போடுகிறார்கள். தலையை எண்ணினால் ஒரே ஆள் ஐந்து கணக்கு வைத்துக்கொண்டு வந்துவிடுவார். கைப்பாவைக் கணக்கு என்று அதற்கு அங்கே பெயரே உண்டு. ஐந்து பேரும் ஒரே எழுத்துப்பிழையைச் செய்வார்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

கருத்தொற்றுமைக்கு எத்தனை நாள் ஆகும்? தயிர் பற்றிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பில் 'ஹெச்' எழுத்து வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை 2003 முதல் 2011 வரை ஓடியது. எழுத்து தோற்றது.

ஜூன் 7

கிரந்த எழுத்து விவகாரத்தை (ஜ, ஸ, ஷ போன்றவற்றைத் தலைப்பில் எழுதலாமா என்ற சண்டை) ஏன் தொடவில்லை என்று கேட்டவருக்கு: எனக்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

ஜூன் 9

தமிழ் விக்கிக்கு வருவோம். மேலே சொன்ன படிகளில் பெரும்பாலானவை இங்கே இல்லை. நடுவர் குழு இல்லை. ஒரு பொதுத் திண்ணை இருக்கிறது, ஆலமரத்தடி என்று. தொழில்நுட்பக் கோளாறு, பயிற்சிப் பட்டறை அறிவிப்பு, ஒருவர் மேல் ஒருவருக்கு வருத்தம், எல்லாம் அங்கேதான் வரும். இந்தப் பெயரை வைத்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்.

தொடர்ந்து எழுதுபவர்கள் கொஞ்சம் பேர். ஒருவரையொருவர் பட்டறைகளில் பார்த்திருப்பார்கள், சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஆளோடு சண்டை போடுவதும், போன மாதம் உங்களுக்கு இட்லி பரிமாறியவரோடு சண்டை போடுவதும் ஒன்றல்ல. இதனால் பல தகராறுகள் முளையிலேயே கருகிவிடுகின்றன. நல்லதுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது பாதி நல்லது என்று நினைக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். மாவட்டக் கட்டுரைகளில் சட்டமன்றத் தொகுதிகளை எந்த வரிசையில் போடுவது என்று இருவருக்குள் தகராறு: அகரவரிசையா, தொகுதி எண் வரிசையா. பேச்சுப் பக்கத்தில் சூடாக ஆரம்பித்தது. திடீரென்று நின்றுவிட்டது. இருவரும் தொலைபேசியில் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

சில மாதம் கழித்துப் புதிதாக வந்த ஒரு கல்லூரி மாணவி, நல்லெண்ணத்தோடு வரிசையை மாற்றினார். "இது ஏற்கெனவே பேசி முடிந்த விஷயம்" என்று மீளமைத்தார்கள். "எங்கே பேசினீர்கள்?" என்று கேட்டார் அவர். அவருக்குக் காட்டுவதற்கு இணைப்பு இல்லை. பாதியில் நின்ற விவாதம்தான் இருந்தது, அதில் கடைசியாகப் பேசியவர் அந்தப் பெண்ணின் பக்கம் இருந்தார்!

அவர் அதற்குப் பிறகு அதிகம் எழுதவில்லை. அதனால்தானா என்று எப்படிச் சொல்வது? தேர்வும் வந்திருக்கலாம்.

தொலைபேசியில் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. பேசிவிட்டு வந்து, "பேசினோம், இன்ன காரணத்தால் இப்படி முடிவு செய்தோம், மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்" என்று மூன்று வரி எழுதிவைக்க வேண்டும். அதை எழுத மட்டும் எல்லோருக்கும் சோம்பல். சமாதானமான பிறகு மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போக யாருக்கும் மனம் வருவதில்லை.

ஜூன் 10

இதற்கு நேர் எதிரான ஓர் அனுபவமும் தமிழ் விக்கிக்கு உண்டு. 2009-10 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலி கொடுத்து அமர்த்திய மொழிபெயர்ப்பாளர்கள் வழியாக ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து ஏற்றியது. கட்டுரைகள் நீள நீளமாக வந்தன. நடை இயந்திர நடை. சிவப்பு இணைப்புகள், அதாவது இன்னும் எழுதப்படாத கட்டுரைகளுக்கான இணைப்புகள், மலிந்து கிடந்தன. எந்தத் தலைப்பு தமிழருக்குத் தேவை என்று யாரும் கேட்கவில்லை. பேச்சுப் பக்கத்தில் குறை எழுதினால் பதில் வராது. கூலிக்கு எழுதியவர்களைச் சொல்லிப் பயனில்லை, பேச்சுப் பக்கத்தில் பதில் சொல்வதற்கு அவர்களுக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

தன்னார்வலர்கள் அதைத் தொலைபேசியில் முடித்துக்கொள்ளவில்லை. குறைகளைத் தொகுத்து, எழுதி, விக்கிப்பீடியர்களின் உலக மாநாடான விக்கிமேனியாவில், 2010இல், எல்லோர் முன்னிலையிலும் வைத்தார்கள். அந்த மாநாடு நடந்த ஊர் எது தெரியுமா? கதான்ஸ்க். நான் புனையவில்லை.

ஜூன் 12

'நடைமுறை பற்றிப் பிறகு' என்று முதல் நாள் கடன் வைத்திருந்தேன்.

சிறிய விக்கியில் எல்லோரும் நண்பர்கள் என்றால், அந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே கட்சி என்றால்? குரோவாசிய விக்கிப்பீடியாவில் நடந்தது அதுதான். ஒரு சிறு குழு நிர்வாகப் பொறுப்புகளைப் பிடித்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அந்நாட்டை ஆண்ட நாஜி ஆதரவு உஸ்தாசா ஆட்சியின் கொடுமைகளைத் தேய்த்து எழுதியது. எதிர்த்தவர்களைத் தடை செய்தது. 2013இல் அந்நாட்டுக் கல்வி அமைச்சரே மாணவர்கள் அதைப் படிக்க வேண்டாம், ஆங்கில விக்கியைப் பாருங்கள் என்றார். அப்படியும் உடனே எதுவும் மாறவில்லை. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆய்வறிக்கை வெளிவர 2021 ஆயிற்று.

அங்கேயும் விதிப்புத்தகத்தில் நிர்வாகிக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லைதான். ஆனால் பூட்டும் சாவியும் கையில் இருக்கிறவருக்குத் தீர்ப்பு எதற்கு? எதிராளியை வெளியே தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பவர்களிடம் தன்னால் கருத்தொற்றுமை வந்துவிடும்.

"அப்படியானால் மேலே ஒரு நாட்டாமை தேவைதானே?" என்று இந்த இடத்தில் எவரும் கேட்பார்கள். 2019இல் மேலிருந்தும் கை வைத்துப் பார்த்தார்கள். அறக்கட்டளை ஆங்கில விக்கியின் நிர்வாகி ஒருவரை நேரடியாக ஓராண்டு தடை செய்தது. புகார் யாருடையது, சான்று என்ன, எதையும் வெளியிடவில்லை. பெரும் கொந்தளிப்பு. பல நிர்வாகிகள் பொறுப்பைத் துறந்தார்கள். கடைசியில் விவகாரம் பயனர்கள் தேர்ந்தெடுத்த நடுவர் குழுவிடம் வந்தது. குழு தடையை நீக்கியது, ஆனால் நிர்வாகப் பொறுப்பைத் திருப்பித் தரவில்லை.

கொந்தளித்தவர்களில் அந்த நிர்வாகியைப் பிடிக்காதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். காரணம் காட்டாமல் தண்டித்ததை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஆனால் புகார் சொன்னவர்களுடைய பக்கமும் ஒன்று உண்டு: எல்லாவற்றையும் பொதுவில் எழுது என்றால், துன்புறுத்தப்பட்டவர் துன்புறுத்தியவர் முன்னிலையிலேயே எழுத வேண்டியிருக்கும். மூன்று நாள் முன்பு "எழுதிவைக்க வேண்டும்" என்று அடித்துச் சொன்னேன். தொகுதி வரிசைக்கு அது சரி. இதற்குச் சரியா என்று எனக்கு நிச்சயம் இல்லை.

ஜூன் 13

ஒருவர் தனிமடலில்: "கிரந்தம் பற்றி ஒரு வரியாவது."

ஒரு வரி: வழிமாற்று என்றொரு வசதி இருக்கிறது, டொராண்டோ என்று தேடினாலும் ரொறன்ரோ என்று தேடினாலும் ஒரே கட்டுரைக்குக் கொண்டு சேர்க்கும், ஆகவே வாசகருக்குப் பிரச்சினையே இல்லை, பிரச்சினை முழுவதும் தலைப்பில் எதைப் போடுவது என்று நினைப்பவர்களுக்குத்தான், நானும் அவர்களில் ஒருவன். ஜ, ஸ, ஷ விஷயத்திலும் அப்படியே.

ஜூன் 15

சாதிக் கட்டுரைகளைப் பற்றிக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வழக்கம் இது: இரவு பதினொரு மணிக்கு மேல் கணக்கில்லாத ஒருவர் வருவார். ஏதோ ஒரு மன்னரைத் தம் சாதியில் சேர்ப்பார். அரை மணியில் இன்னொருவர் வந்து அதே மன்னரைத் தம் சாதிக்குக் கொண்டுபோவார். விடியும்போது மன்னர் எங்கே இருக்கிறார் என்று வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கே 'யார் சொன்னார்' உத்தி பலிப்பதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு தரப்பும் சொந்தமாக நூல் பதிப்பித்து வைத்திருக்கிறது. பேச்சுப் பக்கமும் பலிப்பதில்லை, வருபவர்கள் பேச வருவதில்லை. பக்கத்தைப் பூட்டி, பதிவு செய்த பயனர் மட்டும் தொகுக்கலாம் என்று ஆக்குவதுதான் ஒரே வழி. ஆங்கில விக்கியில் தெற்காசியச் சாதிக் கட்டுரைகளுக்கென்றே தனியாகக் கடும் விதிகள் வைத்திருக்கிறார்கள். எல்லாச் சண்டையும் கருத்து வேறுபாடு அல்ல என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் காலம் பிடித்தது.

ஜூன் 16

இல்லை, நான் எந்தச் சாதி என்று சொல்ல மாட்டேன். கேட்டவர் இரண்டு பேர். இரண்டு பேருமே "மதிப்பிற்குரிய ஐயா" என்றுதான் தொடங்கியிருக்கிறார்கள்.

ஜூன் 19

முதல் நாள் கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். பேச்சுப் பக்கத்தில் எழுதி ஒரு வாரம் ஆகிறது, பதில் இல்லை என்கிறார். போய்ப் பார்த்தேன். கேள்வி நன்றாகவே இருக்கிறது. ஆனால் கையொப்பம் இல்லை. எழுதி முடித்ததும் நான்கு அலைக்குறி போட்டால் பெயரும் நேரமும் தானாக வந்து உட்காரும். அது இல்லாமல், ஏதோ சுவரில் எழுதிவிட்டுப் போனது போல இருக்கிறது. தவிர, நீக்கியவருடைய பெயரைச் சுட்டவும் இல்லை. அவருக்கு அறிவிப்பே போயிருக்காது.

பெயரைச் சுட்டி மறுபடி எழுதுங்கள். நீங்கள் சேர்த்த நான்கு வரியில் ஏரி பற்றிய இரண்டுக்கு மாவட்ட விவரச்சுவடியிலேயே (கெசட்டியர்) சான்று கிடைக்கும், பக்க எண்ணோடு கொடுங்கள். திருவிழாவுக்குக் கூட்டம் லட்சக்கணக்கில் வருகிறது என்ற வரியை விட்டுவிடுங்கள், அதை நானே நீக்கியிருப்பேன். இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். அப்போதும் பதில் வராவிட்டால், "பதில் இல்லாததால் சான்றோடு சேர்க்கிறேன், மறுப்பு இருந்தால் இங்கே தெரிவிக்கவும்" என்று எழுதிவிட்டுச் சேர்த்துவிடலாம்.